பெட்ரோல் ஒன்றும் தேன் இல்லை

பிப்ரவரி 6, ஞாயிறு

எலுமிச்சை கமிஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது.

மத்தியானம் மஸ்கட்டிலிருந்து அவர் பேசினார். நலம் விசாரித்து முடிந்ததும், "வண்டிய வித்துருவோம் பேச்சி. செட்டுக்குள்ள கெடந்து துருப்பிடிக்கதுக்கு யாருக்காவது ஒதவட்டும்" என்றார்.

"அப்ப கச்சேரி?"

"இனிம எவன் கச்சேரி கேக்கான்? எல்லாம் போன்லயே பாத்துக்கிடுதான். நான் ஊருக்கு வந்து ஒரு பலசரக்குக் கடை போடுதேன். நீ கல்லாவுல இரு."

சரி என்றேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் என்றால் அந்தப் பழைய ஆம்னி வேன்தான். மஞ்சள் நிறம், பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'செந்தேன் இன்னிசைக் குழு, புளியங்குடி'. அவர் கீபோர்டு, நான் பாட்டு, தாவீது ரிதம் பேடு. பங்குனி உத்திரக் கச்சேரிக்குத் தயாராக இருந்தபோது ஊரடங்கு வந்தது. செட்டுக்குள் ஏற்றி நிறுத்தியதுதான், பிறகு வண்டி வெளியே வரவேயில்லை. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கீபோர்டை விற்றுவிட்டு விமானம் ஏறினார். நான் கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரிக்கப் போகிறேன்.

வண்டியை விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விற்க வேண்டும் என்றால் அது ஓட வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, செவ்வாய்

தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். தூசியில் கால் மணி நேரம் தும்மல். டயர் நான்கும் தரையோடு சப்பிப்போய்க் கிடக்கின்றன. கண்ணாடியில் ஒரு பல்லி என்னை முறைத்தது.

சாவியைப் போட்டுத் திருகினேன். 'டிக்' என்றுகூட ஒரு சத்தம் இல்லை.

டிரைவர் சீட்டில் இதுவரை நான் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் இடது பக்கம்தான், மடியில் மேக்கப் பெட்டியோடு. இங்கிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி தெரியும் போல. செட்டுச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றாலும், இறங்க மனமில்லாமல் ரொம்ப நேரம் இருந்துவிட்டேன். கடைக்குத் தாமதம். ஏச்சு வாங்கினேன்.

பிப்ரவரி 9, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் காஜா மைதீன் வந்து பார்த்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். வாய் ஓயாது.

வந்ததும் பேனட்டைத் தேடினான். "யக்கா, ஆம்னில எஞ்சின் சீட்டுக்கு அடியில. மறந்தே போச்சு, பாருங்க" என்று அவனே சிரித்துக்கொண்டான். சீட்டைத் தூக்கினான். பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து மூக்கை வைத்தான். முகம் கோணிப்போயிற்று.

"மோந்து பாருங்க."

பார்த்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. புதுக் கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் மாதிரி புளித்த நெடி.

"டேங்குல எம்புட்டு இருந்துச்சு?"

"கால் டேங்கு இருக்கும். அவரு சொன்னாரு."

"அதான். முக்காவாசி காத்து. வெயில்ல சூடாகி, ராத்திரி குளுந்து, உள்ள தண்ணி வேர்த்திருக்கும். இப்ப பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்காங்க, அது தண்ணிய வா வான்னு இழுக்கும். மூணு மாசம், மிஞ்சினா ஆறு மாசம் தாங்கும். அதுக்கு மேல நல்லதெல்லாம் ஆவியாப் போயிரும், பசைதான் மிஞ்சும்."

"பெட்ரோல் கெட்டுப்போகுமா? நெசமாவா?"

காஜா வண்டியின் பக்கவாட்டைக் காட்டினான். "யக்கா, வெளிய செந்தேன்னு எழுதிருக்கிய. உள்ள இருக்கது தேன் இல்ல, பெட்ரோல். தேனுதான் கெடாது."

நான் சிரித்த சிரிப்பில் பல்லி ஓடிவிட்டது. எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து.

இதுவரை ஸ்டார்ட் ஆகாததே நல்லது என்கிறான். அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்குள் போயிருந்தால் வேலை இரட்டிப்பாகியிருக்குமாம்.

பிப்ரவரி 13, ஞாயிறு

இன்றைக்கு முழுக்க வண்டி வேலை. காஜா டேங்குக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினான். கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒழுகியது. கேனில் பிடித்து வைத்தோம். கிரீஸ் கழுவத்தான் ஆகும் என்றான்.

ஏர் பில்டருக்குள் எலிக்கூடு. எங்கள் கச்சேரி நோட்டீஸைத்தான் கிழித்துக் கட்டியிருக்கிறது. ஒரு துண்டில் 'குயில் ரேகா' என்று இருந்தது. மேடையில் என் பெயர் அதுதான். பேச்சியம்மாள் என்றால் நோட்டீஸில் எடுபடாது என்று அவர் வைத்தது.

கார்புரேட்டரைக் கழற்றித் தாளில் பரப்பி வைத்தான். பெட்ரோல் பீய்ச்சும் துளை ஊசி முனை அளவுதான் இருக்கிறது. அதில் பச்சையும் பழுப்புமாகப் பிசின். அந்த இத்தனூண்டு அடைப்புக்குத்தான் இவ்வளவு பெரிய வண்டி படுத்துவிடுமாம். நான் செப்புக் கம்பி நுனியால் மெல்லச் சுத்தம் செய்தேன். "கைப்பழக்கம் நல்லாருக்கே" என்றான்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டது. இருவரும் தள்ளி, தட்டி, கடைசியில் 'டொப்' என்று விட்டது. வெகுநாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டுமாம். இதையெல்லாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. வாங்குகிறவருக்குச் சொல்ல உதவும்.

உள் அறையில் எங்கள் சின்ன ஜெனரேட்டரும், அதற்கென்று அவர் போகும் முன் நிரப்பி இறுக மூடிய ஒரு கேன் பெட்ரோலும் இருக்கின்றன. அதையும் மோந்து பார்த்தான். "இருட்டுல, முழுசா, மூடி இருந்ததால கொஞ்சம் உசுரு இருக்கு. ஆனா வருசமாச்சுல்லா. தனியா ஊத்திராதிய. புதுசு நெறைய ஊத்தி, இத கொஞ்சமா கலக்கலாம்" என்றான்.

பிப்ரவரி 14, திங்கள்

கையெல்லாம் பெட்ரோல் வாசனை. கடையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 20, ஞாயிறு

ஓடியது! ஓடியது! ஓடியது!

எழுத்துக் கோணலாக வருகிறது, வரட்டும்.

நான்கு டயருக்கும் காற்று, புது பேட்டரி, புது ஸ்பார்க் பிளக், பங்க்கில் இருந்து கையோடு வாங்கிவந்த புதுப் பெட்ரோல். நான் டிரைவர் சீட்டில், காஜா எஞ்சின் பக்கத்தில். "சோக்க இழுங்க, திருப்புங்க" என்றான். கர்ர் கர்ர் என்றது, பிடிக்கவில்லை. "பொறுங்க, பம்பு காஞ்சு கெடக்கு. ட்யூப் வழியா ஏறி வரணும்." மறுபடி. இருமியது. பின்னால் 'டப்' என்று வெடித்ததில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. மறுபடி. இருமல், இருமல், ஒரு உறுமல், நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ யக்கா. ஆக்சிலேட்டர லேசா மிதிங்க. லேசா!"

பிடித்தது! செட்டு முழுக்க வெள்ளைப் புகை. சீட்டு அதிர்கிறது, என் பல் அதிர்கிறது, கண்ணாடியில் தொங்கும் முருகர் ஆடுகிறார். நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி, "ஏட்டி பேச்சி, புருசன் வந்துட்டானா?" என்று ஓடிவந்தாள்.

"இல்லக்கா, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டு!"

"இதுக்கா?" என்று முகவாயில் கை வைத்தாள்.

சாயங்காலம் அவர் பேசினார். வண்டி எப்படி என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 24, வியாழன்

முதல் ஆள் வந்தார், கடையநல்லூர்க்காரர். கோழி ஏற்றிப் போக வண்டி வேண்டுமாம். வண்டியின் குறைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். துரு, எலி, ஒழுகும் கதவு, ஏற்றத்தில் மூச்சு வாங்குவது. போகும்போது, "தங்கச்சி, விக்கணுமா வேண்டாமா?" என்றார்.

உண்மையைச் சொல்லி விற்பதுதானே மரியாதை.

மார்ச் 3, வியாழன்

இரண்டாவது ஆள். பக்கவாட்டை வெட்டித் திறந்து பானிபூரி வண்டி ஆக்குவாராம். எழுத்தை எல்லாம் சுரண்டிவிடுவாராம். நல்ல மனுஷர். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

சாவி இடுப்பில் இருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டேன்.

மார்ச் 6, ஞாயிறு

காஜா திட்டுகிறான். ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினால் மட்டும் போதாதாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது ரோட்டில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி அதே கதைதானாம். யார் ஓட்டுவது என்றேன்.

"கை கால் இருக்குல்லா ஒங்களுக்கு?"

வாங்க வருகிறவர்களுக்காக வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எல்.எல்.ஆர். போடப் போகிறேன்.

மார்ச் 13, ஞாயிறு

குளத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் ஓட்டினேன். எல்.எல்.ஆர். வந்துவிட்டது. முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்கிறது. கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி தாவியது. காஜாவின் தலை கூரையில் இடித்தது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், காற்று முகத்தில் அடிக்கிறது! எருமைகள் வழிவிடுகின்றன! நான் ஓட்டுகிறேன், நான்!

காஜா டீ குடிக்கப் போன நேரத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடிப் பார்த்தேன். பல்லவியில் மேலே போகும் இடத்தில் குரல் பிசிறடித்து நின்றுவிட்டது. வண்டிக்குள் தூசி அதிகம்.

மார்ச் 20, ஞாயிறு

மலையடிவாரத்தில் வேலன்குளம் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து மூன்று பேர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார்கள்.

"சங்கரன் அண்ணாச்சி இருக்காவளா? முப்பிடாதி அம்மனுக்கு சித்திரை மொதச் செவ்வாய் கொடை விழா. ரெண்டு வருசமா அம்மனுக்கு ஒரு சத்தமும் இல்ல. இந்தத் தடவ எப்பிடியும் கச்சேரி வச்சிரணும்னு ஊருல முடிவு. ரோட்டுல ஒங்க வண்டி ஓடுனத எங்க பையன் பாத்திருக்கான். அதான் செந்தேன் திரும்பவும் கெளம்பிட்டுன்னு வந்தோம்."

அவர் மஸ்கட்டில் இருக்கிறார், குழு கலைந்துவிட்டது, கீபோர்டு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தன மணிக்கு மேடை?" என்று கேட்டுவிட்டேன்.

தட்டை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 21, திங்கள்

என்ன காரியம் செய்திருக்கிறேன்! நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பயம்தான் என்று நினைத்துப் பார்த்தேன். பயம் மாதிரி இல்லை.

மார்ச் 23, புதன்

தாவீது இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனிடம் போய்ச் சொன்னேன். மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டான்.

"மைனி, நெசமாவா? அண்ணன் சரின்னு சொல்லிட்டாரா?"

"அவருட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வருவியா மாட்டியா?"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே விரலால் ஒரு தாளம் தட்டினான். வெங்காயக் கடைக்காரர் தலையாட்டினார். அதற்கு மேல் பதில் வேண்டுமா?

மார்ச் 27, ஞாயிறு

கீபோர்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. தாவீது போகும் சர்ச்சில் ஆராதனைக்கு வாசிக்கும் ஸ்டெல்லா டீச்சர். வயது ஐம்பதுக்கு மேல். கணக்கு டீச்சர். சொந்தமாகக் கீபோர்டு வைத்திருக்கிறார். ஆராதனை முடிந்து வெளியே வந்தவரை வேப்பமரத்தடியில் பிடித்தோம். கதையைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். முடியாது என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சினிமாப் பாட்டும் உண்டா?"

"உண்டு டீச்சர். மொதல்ல அம்மன் பாட்டு, பெறகு சினிமாப் பாட்டு."

"வீட்டில ஹெட்போன் மாட்டிக்கிட்டு வாசிப்பேன். வெளிய ஒருத்தருக்கும் தெரியாது." குரலைத் தணித்தார். "சர்ச் ஐயர்ட்ட நானே பேசிக்கிறேன். எத்தன பாட்டு?"

ஏப்ரல் 10, ஞாயிறு

செட்டுக்குள் ஒத்திகை. டீச்சர் தப்பே விடுவதில்லை, ஆனால் எல்லாப் பாட்டும் ஆராதனை மாதிரி நிதானமாகப் போகிறது. "டீச்சர், கொஞ்சம் ஓட விடுங்க" என்று தாவீது கெஞ்சுகிறான். கடைசிப் பாட்டில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசித்தார். அப்போது ஓடியது பாருங்கள்!

மேலே போகும் இடத்தை நான் பாடாமல் தாவீதுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஆண் குரலில் அது நன்றாகத்தான் இருக்கிறது.

நடுவில் அவர் போன். "என்ன சத்தம்?" என்றார். எதிர்வீட்டில் டிவி என்றேன்.

ஏப்ரல் 18, திங்கள்

நாளைக்குக் கொடை. ஊர்க்காரர்கள் மைக் செட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். கரண்டு போனால் எங்கள் ஜெனரேட்டர். அதற்குப் பெட்ரோல் ஊற்றும் வேலை தாவீதுடையது. காஜாவும் வருகிறான். நான் எல்.எல்.ஆரில் ஓட்டுவதால் லைசென்சுக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சாக்கு. "நான் எழுப்பின வண்டி, நான் இல்லாம போவுமா?" என்பதுதான் நிஜம்.

மேக்கப் பெட்டியைத் திறந்தேன். லிப்ஸ்டிக் காய்ந்து உடைந்துவிட்டது. புதிது வாங்கினேன், நல்ல சிவப்பு.

ஏப்ரல் 20, புதன்

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் பிடித்தது. நான் ஓட்ட, பக்கத்தில் காஜா, பின்னால் டீச்சரும் தாவீதும் கீபோர்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. வேலன்குளம் எல்லையில் ஊரே நின்றது. மேளக்காரர்கள் வண்டிக்கு முன்னால் அடித்துக்கொண்டே நடந்தார்கள். மேளத்துக்குத் தகுந்தாற்போல முதல் கியரில் ஓட்டுவது சாமானியம் இல்லை. நான் ஓட்டினேன்!

ஏழு மணிக்கு மேடை. அம்மன் பாட்டில் ஆரம்பித்தோம். கூட்டம் அமைதியாக இருந்தது. பரவாயில்லை என்று நினைத்து இரண்டாவது பாட்டு எடுத்தேன். பல்லவி முடியவில்லை, கரண்டு போய்விட்டது. மைக் செத்தது. ஊர் முழுக்க இருட்டு.

"ஒரு நிமிசம், ஜெனரேட்டர் இருக்கு!" என்று தாவீது கத்திக்கொண்டே ஓடினான். கயிற்றை இழுத்தான். இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். புட் புட் என்று இரண்டு தடவை தும்மியதோடு சரி.

காஜா டார்ச்சோடு குனிந்து மூடியைத் திறந்தான். மோந்தான். நிமிர்ந்து தாவீதைப் பார்த்தான்.

"எந்தப் பெட்ரோல ஊத்துன?"

"அந்த உள் ரூம் கேன்தான். முழுசா இருந்துச்சு... கொட்ட மனசு வரல."

"புதுசு கலந்தியா?"

தாவீது கயிற்றைக் கீழே போட்டான்.

"அடப்பாவி! சோத்துக்குத்தான் பழசு நல்லாருக்கும். இதுக்கு இல்ல!"

கூட்டத்தில் சலசலப்பு. பின்வரிசையில் பாயைச் சுருட்டுவது கேட்டது. "நாடகம் போட்டிருக்கலாம்னு அப்பவே சொன்னேன்லா" என்று ஒரு குரல். கமிட்டித் தலைவர் என்னிடம் வந்து, "என்னம்மா செய்ய?" என்றார், கோபம்கூட இல்லாமல், களைத்துப்போய். அவர் குரல்தான் என்னை என்னவோ செய்தது.

மேடையிலிருந்து குதித்தேன். பட்டுச் சேலையோடு ஓடி வண்டியில் ஏறினேன். சாவியைத் திருப்பினேன், உறுமியது. ரிவர்ஸ் எடுத்து, காஜா கத்தக் கத்தத் திருப்பி, மேடைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டேன்.

மேடை பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் 'ஹோ' என்று கூவினார்கள். மறுபடி மேலே ஏறினேன். கையில் செத்த மைக். அதைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் கிட்ட வாங்க! மைக் இல்ல. கிட்ட வந்தாத்தான் கேக்கும்!"

வந்தார்கள். பாயை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேடையை ஒட்டி உட்கார்ந்தார்கள். மேளக்காரரிடம் தாவீது தவிலைக் கேட்டு வாங்கினான். டீச்சருக்கு வாசிக்க ஒன்றுமில்லை. ஒரு கணம் திகைத்து நின்றவர், முன்னால் வந்து தலைக்கு மேல் கையைத் தூக்கித் தாளம் தட்ட ஆரம்பித்தார். கணக்கு டீச்சர் தட்டினால் ஊர் தட்டாமல் இருக்குமா?

பாடினேன். என் குரல் எனக்கே கேட்டது, ஸ்பீக்கர் வழியாக இல்லாமல் நெஞ்சிலிருந்து நேராக. மேலே போகும் இடம் வந்தது. வழக்கம்போலத் தாவீதைப் பார்த்தேன். அவன் தவிலில் குனிந்திருந்தான், என்னைப் பார்க்கவே இல்லை. விட்டுக்கொடுக்க ஆள் இல்லை.

போனேன். மேலே, அதற்கும் மேலே, நின்றேன். பிசிறவில்லை. இருட்டில் யாரோ ஒரு அம்மா குலவை இட்டார். பிறகு எல்லாப் பெண்களும். மேடையே குலவையில் நடுங்கியது.

அதற்குள் காஜா வண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியிலேயே விளக்கை எரியவிட்டு, பொங்கல் அடுப்புகளுக்கு எட்டாத தூரத்துக்கு ஜெனரேட்டரை இழுத்துப் போனான். கெட்டதை முழுக்க வடித்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்தான். வண்டி டேங்கில் ட்யூப் விட்டுப் புதுப் பெட்ரோல் உறிஞ்சி எடுத்து ஊற்றினான். பாதியை விழுங்கியிருப்பான் போல, இன்றைக்குக் காலை வரை துப்பிக்கொண்டே இருக்கிறான். மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெனரேட்டர் பிடித்தது. விளக்கு, மைக், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுக் கீபோர்டுக்கு ஓடினார்!

ஆனால் கூட்டம் பின்னால் போகவில்லை. மைக் வந்த பிறகும் கடைசி வரை அங்கேயே மேடையை ஒட்டித்தான் இருந்தார்கள்.

முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வண்டி அருகில் வந்து, எழுத்தைத் தடவிப் பார்த்து, "எங்க ஊருக்கும் வருவியளா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 22, வெள்ளி

இன்றைக்கு அவருக்கு விடுமுறை. காலையிலேயே போன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "தாவீது ஒரு வீடியோ அனுப்பிருக்கான்" என்றார்.

அடுப்பை அணைத்தேன்.

"வண்டிய விக்கச் சொன்னேன்."

"ஆமா."

"வாங்க ஆள் வரலியா?"

"வந்தாங்க. நான்தான் குடுக்கல." மீதியையும் சொல்லிவிட்டேன். "நான் விக்க மாட்டேங்க. கல்லாவுலயும் இருக்க மாட்டேன். நீங்க கடை போடுறதுன்னா போடுங்க, நான் வேண்டாங்கல. நான் பாடப் போறேன். வண்டியும் நான்தான் ஓட்டுதேன்."

கோபத்தில் வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இங்கன ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்" என்றார். "எட்டுத் தடவ பாத்தாச்சு. ஒரு மலையாளத்துக்காரன் இது யாருன்னு கேட்டான்."

"என்ன சொன்னிய?"

"எங்க குழுவுல பாடுறவ அப்டின்னேன்."

பிறகு அவரே ஆரம்பித்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில், ஒத்திகையில் அதட்டுகிற அதே குரலில்.

"ஏட்டி பேச்சி, அந்த மைக் இல்லாத பாட்டு. எத்தன கட்டை சுருதில எடுத்த?"

"அஞ்சு."

"ஏன் அஞ்சு? ஒனக்கு அஞ்சரை தாராளமா ஏறுதே. நான் கேட்டேன்லா."